வசனத்தாளில் பொதிந்த நாவல்

எந்தப் புத்தகத்தையும் ஒரு பெண்ணின் கையில் கொடுப்பதற்கு முன்னால் பிரேமகுமாரி அதற்கு அட்டை போடுவாள். பன்னிரண்டு வருஷமாக ஊர்ப் பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சபையில் கொடுக்கும் பெரிய காலண்டரின் தாள்தான் அட்டை. மாதம் முடிந்து கிழிக்கும் தாள்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, சுருக்கம் போக மெத்தைக்கு அடியில் போட்டு வைத்திருப்பாள். தாளின் முன்பக்கத்தில் தேதிகளும், அதற்கு மேல் கொட்டை எழுத்தில் ஒரு வேத வசனமும் இருக்கும். பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளை வெளியே தெரியும்படி மடித்து, மூலைகளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டால், உள்ளே இருப்பது சமையல் குறிப்பா காதல் கதையா என்று யாருக்கும் தெரியாது.

கேரள எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் ஒரு சின்ன நூலகத்தில் அவளுக்கு வேலை. நூலகத்துக்கு வர முடியாத பெண்களுக்கு வீட்டிலேயே புத்தகம் கொண்டு கொடுத்து, படித்ததைத் திரும்ப வாங்கி வர வேண்டும். இரண்டு துணிப்பைகள், எண்பது வீடுகள். எதற்கு இந்த அட்டை என்று கேட்டால், "அழுக்காவாம இருக்கட்டு" என்பாள்.

அழுக்குக்கும் அட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவளுடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் நிமிராது. கல்யாணமான இரண்டாவது வருஷம், ஒரு மத்தியானம், அவள் வாரப் பத்திரிகையில் தொடர்கதை வாசித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் ஒருத்தனும் ஒருத்தியும் கட்டிப்பிடித்து நிற்கும் படம். குவாரியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட கணவன் சுந்தரதாஸ் அந்தப் படத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்துத் தேங்காய் திருவும் பலகை மேல் வைத்தான். அம்மிக் குழவியை எடுத்து இரண்டு தடவை இறக்கினான். பிறகு அவனே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும் வழியில் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தான். பரோட்டாவைப் பிய்க்க இடது கை பழகாததால் அவள் அழுதாள். வலிக்கு அழுகிறாள் என்று நினைத்து அவன் இன்னொரு பரோட்டாவுக்குச் சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் வாசித்தது எல்லாம் காலண்டர் தாளுக்குள். அப்போது வசனம்தான் வெளியே இருக்கும். எவ்வளவு குடித்திருந்தாலும் சுந்தரதாஸ் வசனம் போட்ட தாளைத் தொட மாட்டான். தலையணையைக் கிழித்திருக்கிறான், சேலைகளைக் கிணற்றில் எறிந்திருக்கிறான், ஒரு தடவை அவள் முடியைக் கதவில் கட்டிப்போட்டு வேலைக்குப் போயிருக்கிறான். அந்த அட்டையை மட்டும் தாண்டிப் போய்விடுவான். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் போயிற்று. ஒரு பாறை சரிந்து அவன் போனான். அடுத்த வருஷம் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. மற்றவர்களுக்குப் போடும்போது தாளைத் திருப்பிவிட்டாள். அடி வாங்காத வீடுகளுக்கு வெள்ளையே போதும் என்று தோன்றியிருக்கலாம்.

போன வருஷம் மே மாதம் அந்த நாவல் வந்தது. ஜப்பானில் கெய்ஷாக்கள் என்ற ஆடல்பாடல் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிய தடிமனான சரித்திர நாவலின் மலையாள மொழிபெயர்ப்பு. உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றது என்று பின்னட்டையில் போட்டிருந்தது. முன்னட்டையில், முகமெல்லாம் வெள்ளை பூசி, உதட்டில் மட்டும் சிவப்பு வைத்த ஒரு பெண், முதுகு தெரியத் திரும்பி நின்றாள். நூலகத்துக்கு இரண்டு பிரதிகள் வாங்கினார்கள். காத்திருப்போர் பட்டியலில் பத்தொன்பது பெயர்.

கதையில் ஓமித்சு என்று ஒரு பெண். பஞ்ச காலத்தில் மலைக் கிராமத்திலிருந்து ஒன்பது வயதில் விற்கப்படுகிறாள். அடியும் உதையும் பட்டு ஆடவும் பாடவும் தேநீர் ஊற்றவும் கற்கிறாள். பதினைந்து வயதில் வியாபாரிகள் திரைக்குப் பின்னால் இருந்து அவளுக்கு ஏலம் கேட்கிறார்கள். கடைசியில், ஏலத்தில் ஜெயித்த பட்டு வியாபாரியே அவளைத் தனி வீட்டில் வைக்கிறான். சந்தோஷமாக இருக்கிறேன் என்று அவள் சொல்வதோடு நாவல் முடிகிறது.

புத்தகத்தோடு சேர்த்து அபிப்பிராயங்களையும் பிரேமகுமாரிதான் வீட்டுக்கு வீடு சுமந்தாள்.

"மூணு நாளு அழுதேன் பிரேமே," என்றாள் நெசவுக்காரர் வீட்டு விஜயம்மா. "அவ உடுத்துன துணியெல்லாம் கண்ணு முன்னால நிக்குது. ஆனா எழுதினவனுக்கு தறியப் பத்தி ஒண்ணும் அறியாது, கேட்டியா? அப்பிடி நூல் கோத்தா அறுந்து போவும்."

எம்.ஏ. படிக்கும் ஆர்யாவுக்குக் கோபம். "அவ பாட்டு படிச்சா, சம்பாதிச்சா, நமக்கு அவ மேல எதுக்கு பாவம்? நம்ம வீட்டுப் பெண்ணுகளப் பாத்து முதல்ல பாவப்படுங்க."

பஸ் கண்டக்டர் உண்ணி முறைப்படி வாங்காமல், மனைவிக்குக் கொடுத்ததைப் பறித்து வாசித்தான். "விக்கதும் வாங்குததும் உள்ள கதைக்கு மேல பட்டு விரிச்சு வச்சிருக்கான். யாரு சந்தோஷமா இருக்கா? வாங்குனவனாக்கும்!"

ஓய்வுபெற்ற உபதேசியார் யோசுவா ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. ஆனால் அவருக்குத்தான் அபிப்பிராயம் அதிகம்.

லிஜிக்கு இருபத்தேழு வயது. ஜேசிபி ஓட்டும் ஜித்தினின் மனைவி. ஆறு வயதில் அஞ்சு என்று ஒரு மகள். வீட்டிலேயே தையல். பட்டியலில் பதினோராவது பெயர் அவளுடையது. புத்தகம் வந்த அன்று அவள் வாசல்படியிலேயே நின்றாள். புருவத்துக்கு மேல் பழைய காயம் ஒன்று மஞ்சளாகிக் கிடந்தது. பிரேமகுமாரி அதைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து, வசனம் இருக்கும் பக்கத்தை வெளியே திருப்பி மடிக்க ஆரம்பித்தாள்.

"வெள்ளையே போதும் அக்கா," என்றாள் லிஜி. "கர்த்தர் வசனத்த இதுக்கு மேல போடாண்டாம்."

"வெள்ளையா இருந்தா அவன் திறந்து பாப்பான். வசனம் இருந்தா தொடமாட்டான்."

"அவன் எல்லாத்தையும் திறப்பான்."

"நான் பத்தொம்பது வருஷம் சோதிச்சுப் பாத்ததாக்கும் மோளே. பேசாம வாசி."

லிஜி சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அஞ்சு தூங்கும் நேரத்தில் தினமும் நாற்பது பக்கம்.

பிரேமகுமாரிக்குத் தெரியாத ஒன்று உண்டு. சுந்தரதாஸ் வசனத்துக்குப் பயந்தவன். ஜித்தினோ சபை இளைஞர் சங்கத்தின் செயலாளர். அவனுக்கு வசனம் என்றால் பெருமை. பயந்தவன் தொடாமல் போவான். பெருமைப்படுகிறவன் எடுத்து நாலுபேருக்குக் காட்டுவான்.

ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பதினொரு குடும்பங்கள் வந்திருந்தன. பாட்டு முடிந்ததும் யோசுவா கேட்டார்: "வீட்டுல நல்ல புஸ்தகம் வல்லதும் உண்டா மக்கா? ஒரு பாகம் வாசி, கேப்போம்." ஜித்தின் எழுந்து போனான். ஃபிரிட்ஜின் மேல் வசன அட்டையோடு தடிமனாக இருந்ததை எடுத்து வந்தான். மனைவி பக்தியாக ஏதோ வாசிக்கிறாள் என்று அவனுக்குள் ஒரு நிறைவு. அடையாளத்துக்கு நூல் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்து, சபையில் வேதம் வாசிக்கும் அதே இழுவையில் வாசிக்க ஆரம்பித்தான்.

அது ஏலம் கேட்கும் பக்கம்.

சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த லிஜிக்குக் குரல் கேட்டது. மூன்று வரி வாசித்து முடிக்கும் வரை அவனுக்கே என்ன வாசிக்கிறோம் என்று உறைக்கவில்லை. நாலாவது வரியில் நின்றான். அந்த அமைதியில், காது கொஞ்சம் மந்தமான ஒரு கிழவி முன்னால் குனிந்து பயபக்தியோடு கேட்டாள்: "இது வேதத்துல எந்த ஆகமத்துல வருது மக்கா?"

யாரோ களுக்கென்றார்கள். அப்புறம் வீடே சிரித்தது. போதகருடைய மனைவிகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டீ குடிக்காமலே எல்லோரும் போனார்கள். ஜித்தின் வாசல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டான்.

புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து, முதுகுப் பக்கத்தால் லிஜியின் இடது காதில் அடித்தான். நானூற்று எண்பது பக்கம். முதல் அடியில் ஒரு விசில் சத்தம் கேட்டதாகவும், இரண்டாவது அடியிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை என்றும் லிஜி பிறகு சொன்னாள். அவள் விழுந்ததும் முடியைச் சுற்றிப் பிடித்து இழுத்து, டீப் பாத்திரத்தை அப்படியே முதுகில் கவிழ்த்தான். "ஆருடி போட்டது? இந்த வேசி புக்குக்கு கர்த்தருக்க வார்த்தய ஆரு போட்டது?" கேள்விக்கு ஒரு உதை. விலாவில் ஒன்று, மறுபடி விலாவில் ஒன்று. தையல் மெஷினுக்கு அடியில் அஞ்சு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நானாக்கும்," என்றாள் லிஜி. "நானாக்கும் போட்டது."

செவ்வாய்க்கிழமை பையோடு போன பிரேமகுமாரி பூட்டிய வீட்டைத்தான் பார்த்தாள். பக்கத்து வீட்டில் விசாரித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். லிஜி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முதுகில் மருந்துத் துணி, காதில் பஞ்சு. பக்கத்தில் அண்ணன். பிள்ளை ஜித்தினின் அம்மாவிடம்.

"எனக்க பேரச் சொல்லியிருக்கலாமே மோளே," என்றாள் பிரேமகுமாரி. சொல்லும்போதே, லிஜி சொல்லவில்லை என்பதில் தன் நெஞ்சுக்குள் ஏதோ இளகியதும் அவளுக்குத் தெரிந்தது.

"சொல்லியிருந்தா அப்பவே வெட்டுகத்திய எடுத்துட்டு உங்க வீட்டுக்கு வந்திருப்பான்." லிஜி நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "இப்ப அண்ணன் போலீஸ்ல கேஸ் குடுத்திருக்கு. அவனுக்க வீட்டுக்காரங்க என்ன பறயுதாங்க தெரியுமா? ரெண்டு பேரு மேலயும் தெற்று உண்டாம். நான் வசனத்த அவமானப்படுத்தினதுனாலயாக்கும் அவன் அடிச்சானாம். கேஸ வாபஸ் வாங்கி, சபையில மன்னிப்பு கேட்டாத்தான் அஞ்சுவ விடுவாங்களாம்."

பிரேமகுமாரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்க அக்கா. எனக்கிட்ட இல்ல. ஆளுக இருக்க எடத்துல. அட்டை போட்டது நானாக்கும், லிஜி வேண்டாம்னு பறஞ்சான்னு. அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லுதேன். வாற ஞாயித்துக்கிழம லைப்ரரில கூட்டம் உண்டு. அங்க சொல்லுதேன்."

அந்தக் கூட்டம் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தது. அதே நாவலைப் பற்றிய விவாதம். வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள். அன்றைக்கு அறுபது பேர். வாசிக்காதவர்கள்தான் முன்வரிசையில். பிரேமகுமாரி புத்தக அலமாரியை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஐந்தாறு வார்த்தைதான். வளைந்த விரல்கள் இரண்டும் உள்ளங்கைக்குள் வலித்துக்கொண்டிருந்தன. குழவி இறங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அவற்றுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

விவாதம் ஆரம்பத்தில் விவாதமாகத்தான் இருந்தது. ஓமித்சு கடைசியில் சொன்ன சந்தோஷம் உண்மையா பொய்யா என்பதில் உண்ணியும் ஆர்யாவும் முட்டிக்கொண்டார்கள்.

"ஒன்பது வயசுல வித்த ஒருத்தி, வாங்குனவனுக்க வீட்டுல இருந்து சந்தோஷம்னு சொன்னா நம்பச் சொல்லுதியா?"

"அவ சொல்லுதத நம்பமாட்டீங்க, அவளப் பத்தி நீங்க சொல்லுதத மட்டும் நாங்க நம்பணும், இல்லியா உண்ணிச் சேட்டா?"

"ரெண்டுபேரும் நிறுத்துங்க. இந்த அசிங்கத்த எரிக்கணுமாக்கும்," என்றார் யோசுவா.

"வாசிச்சுட்டு எரியும் ஓய்!" பின்னாலிருந்து யாரோ கத்த, சிரிப்பு எழுந்தது.

அப்போது ஜித்தின் உள்ளே வந்தான். கையில் அந்தத் தாள். கிழிந்து, டீக் கறையோடு இருந்தது. தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

"ஒங்க விவாதம் நல்லா நடக்கட்டு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வசனத்த இதுக்கு மேல ஒட்டின என் பெண்டாட்டிய நான் அடிச்சேன். அது தெற்றா?"

ஓமித்சுவுக்காகப் பிரிந்த அதே கூட்டம் இதற்கும் பிரிந்தது. அடித்தது தப்பு, ஆனாலும் வசனத்தைப் போட்டதும் தப்புதானே என்றார்கள் பாதிப் பேர். வீட்டு விஷயத்தை இங்கே எதற்குக் கொண்டுவந்தாய் என்றார்கள் சிலர். "அடிச்ச கைய ஒடிக்கணும்" என்றான் உண்ணி. ஜித்தின் அவனைப் பார்க்கவில்லை. நேராக அலமாரிப் பக்கம் திரும்பினான்.

"சேச்சி, புக்கு கொண்டு குடுத்தது நீங்களாக்கும். நீங்க சொல்லுங்க. இந்த அட்டை நீங்க போட்டதா?"

கேள்வியே நேராக வந்துவிட்டது. இனி ‘ஆமா’ என்றால் போதும். பிரேமகுமாரி எழுந்தாள். அதற்குள் விஜயம்மா குறுக்கே விழுந்தாள்.

"எலே, அவளுக்க மேல எதுக்குலே பழி போடுத? பதினொரு வருஷமா எனக்கு புக்கு தாறா. வெள்ளைப் பக்கம்தான் வெளிய இருக்கும். ஒருநாளும் வசனம் வந்தது கெடையாது. நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்!"

"எங்களுக்கும் வெள்ளைதான்," என்றாள் இன்னொருத்தி. "வெள்ளையேதான்," என்றார்கள் நாலைந்து பேர். அத்தனையும் சத்தியம். அந்தச் சத்தியம் முழுவதும் ஒன்றாக வந்து தன் வாயை அடைப்பதுபோல் பிரேமகுமாரி நின்றாள். அறுபது முகமும் அவளைப் பார்த்தது. ஜித்தினின் கை, அந்தத் தாளைப் பிடித்திருந்த அதே கை, அவளை எட்டும் தூரத்தில் இருந்தது.

"புக்கு..." என்றாள். "மொழிபெயர்ப்பு நல்லா உண்டு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு சிரித்தார்கள். ஜெபக்கூட்டத்தில் சிரித்த அதே சிரிப்பு. ஜித்தினுக்கு அது தாங்கவில்லை. கைக்கு எட்டிய இரும்பு நாற்காலியைத் தூக்கி வீசினான். அது பிரேமகுமாரியின் தலைக்கு மேலே போய் அலமாரிக் கண்ணாடியில் விழுந்தது. உண்ணி பாய்ந்து அவன் மூக்கில் குத்தினான். இரண்டு பேரும் மேஜையோடு சாய்ந்தார்கள். ஜித்தினின் கூட்டாளிகள் வெளியிலிருந்து வந்து, தடுக்கப் போனவர்களையும் சேர்த்து அடித்தார்கள். யோசுவாவின் பல்செட் தரையில் கிடந்தது. அதன் மேல் ஒரு செருப்புக் கால் ஏறிப் போயிற்று. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஜித்தின் உண்ணியின் கழுத்துக்கு ஓங்கினான். அப்போது பிரேமகுமாரி நடுவில் இடது கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. வாயால் முடியாததைக் கையால் தீர்க்கப் பார்த்தாளோ என்னவோ. உள்ளங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பிளந்தது. ரத்தம் புத்தகங்களின் மேல் சொட்டியது. அதைப் பார்த்துத்தான் எல்லோரும் நின்றார்கள்.

ஒன்பது தையல். மறுநாள் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில், கட்டுப் போட்ட கையோடு அவள் படம் வந்தது. புத்தகத்துக்காக ரத்தம் சிந்திய பெண் என்று போட்டிருந்தார்கள். ஜித்தினைப் போலீஸ் பிடித்து, நாலாம் நாள் விட்டுவிட்டது. நூலகத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னபோது, கை வலிக்கிறது என்றாள். வலித்தது உண்மைதான்.

தையல் பிரித்த வாரம் அவள் கோட்டுகாலுக்குப் போனாள். லிஜி அங்கே அம்மா வீட்டில் இருந்தாள். பேச ஆரம்பித்ததும் லிஜி தலையைத் திருப்பினாள்.

"இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க அக்கா. அந்தக் காது போச்சு."

பிரேமகுமாரி இடம் மாறி உட்கார்ந்தாள். கையைக் காட்டினாள். லிஜி அந்தத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பத்திரிகைல பாத்தேன். நல்லா வந்திருந்துது படம்." விரலை எடுக்காமலே கேட்டாள்: "சொன்னியளா?"

"இல்ல."

"சபையில?"

"இல்ல மோளே."

லிஜி கத்தவில்லை. "மீதிக் கதைய நான் வாசிக்கல்ல," என்றாள். "அவ தப்பிச்சுப் போனாளா?"

"போவல்ல. அங்கயே சந்தோஷமா இருந்தான்னு எழுதியிருக்கு."

"சந்தோஷமா!" லிஜி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் விலா வலித்து, கையால் பிடித்துக்கொண்டாள். "எழுதினவனுக்கு என்ன, எழுதிட்டுப் போவான். அக்கா, எனக்கு இந்தக் கைக்காயம் ஒண்ணும் வேண்டாம். நீங்க தாறேன்னு சொன்னது ஒரு வார்த்த. அது பாக்கி உண்டு. எனக்கில்ல, எனக்க மோளுக்கு. அத அந்த ஆளுகளுக்கு முன்னால குடுங்க. மதி."

"வாற ஞாயிறு சொல்லுதேன்."

அது போன வருஷம் ஜூலை மாதம். லிஜி மன்னிப்பும் கேட்கவில்லை, வழக்கையும் விடவில்லை. பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்குக் கோர்ட்டில் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு தேதிக்கும் ஜித்தினின் வக்கீல் அந்த வசனத்தாளை எடுத்துக் காட்டி, வீட்டில் அசிங்கத்தை ஒளித்து வைத்த தாய் என்கிறார். பிரேமகுமாரி இரண்டு தடவை கோர்ட் வாசல் வரை பஸ்ஸில் போய், இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போனாள்.

அந்த நாவலின் ஒரு பிரதி போலீஸ் நிலையத்தில் இருக்கிறது. இன்னொன்று இப்போதும் வீடு வீடாகப் போகிறது, வெள்ளை அட்டையில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சபையில் மூன்றாவது வரிசையில் உட்காருவாள். முன்வரிசையில் ஜித்தினின் அம்மாவுக்குப் பக்கத்தில் அஞ்சு. ஆராதனை முடிவில் அறிவிப்புகளை வாசித்துவிட்டுப் போதகர், வேறு யாருக்காவது எதுவும் சொல்ல உண்டா என்று கேட்பார். பிரேமகுமாரியின் வலது கை பெஞ்சின் விளிம்பைப் பற்றும். முழங்கால்கள் எழுந்திருக்கத் தயாராகும். போதகர் மூன்று எண்ணும் நேரம் காத்திருந்துவிட்டு, கண்களை மூடிக் கடைசி ஜெபத்தைத் தொடங்கிவிடுவார்.

போன ஞாயிறு வெளியே வரும்போது அஞ்சு அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "மாமி, அம்மைக்கு மட்டும் புக்கு குடுப்பியளே. எனக்கு ஒண்ணு தருவியளா?"

"கொண்டு வாறேன் மக்கா," என்றாள் பிரேமகுமாரி.

புதன்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்தாள். யானைப் படம் போட்ட புத்தகம், அட்டை போடாமல். பாக்கியிருந்த அந்த வார்த்தையை இன்னும் கொடுக்கவில்லை.